காலையில் போவதற்கு ஓர் இடம்

தம்பி,

நேற்றுக் காலை கஜா ஒரு பையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். சற்று நேரத்தில் டைம் ஆபீஸ் முழுக்கச் சென்னாக்குன்னி வாசனை, பொடி இறால் கருவாடு. ஏ.சி. போட்டு மூடிய அறை. அந்த வாசனை வெளியே போக வழியே இல்லை. கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, யார் இதை இங்கே வைத்தது என்று கேட்டாள். காத்திவாக்கத்தில் கஜாவின் அம்மா தார்ப்பாயில் காயவைத்து, தூசு தும்பு பொறுக்கி எடுத்த குன்னி இது, அசாமுக்குப் பார்சல் போகிறது என்றேன். அசாமில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்றாள். சொல்லத் தொடங்கினேன். அதற்குள் கேட்டில் டிரெய்லர்கள் வரிசை கட்டிவிட்டன. அவளிடம் சொல்ல வந்ததை உனக்கே எழுதலாம் என்று தோன்றியது.

ஒரு கான்ட்ராக்டர் ரயிலில் அழைத்துவந்த ஆட்களோடு ஆட்களாகத்தான் நீ எங்கள் யார்டுக்கு வந்தாய். கப்பலிலிருந்து இறங்கி ஊரெல்லாம் சுற்றிவிட்டு வரும் காலி கன்டெய்னர்களை வாங்கி, நசுங்கிய இடத்தை நிமிர்த்தி, ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்துப் பற்றவைத்து, கழுவி அனுப்புவது நம் வேலை. நீ வெல்டர். உன்னோடு வந்தவர்கள் தங்களுக்குள் இந்தியில் பேசிக்கொண்டு ஷெட்டோடு இருந்தார்கள். நீ மட்டும் டிரெய்லர் டிரைவர்களோடு டீ குடித்துக் குடித்துத் தமிழ் கற்றாய். அவர்கள் பேசிய தமிழே உனக்கு வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு மேனேஜர் உன் பேச்சைக் கேட்டுவிட்டு, வீடு புளியந்தோப்புப் பக்கமா என்று விசாரித்தார். "இல்ல சார், பிரம்மபுத்திரா" என்றாய். அவர் அதை ஏதோ ஒரு நகர் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனார்.

நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். எனக்கு வேலை என்பது காற்று மாதிரி, எப்போதும் இருந்த ஒன்று. அது இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று நீ சொல்லித்தான் கேட்டேன். ஒரு மதிய வேளை, அடுக்கிவைத்த கன்டெய்னர்களின் நிழலில் நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். வருகைப் பதிவுக்காக அந்தப் பக்கம் வந்த நான், ஊரில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று சும்மாதான் கேட்டேன். அம்மா இருக்கிறாள், அண்ணன் இல்லை என்றாய். எங்கே என்றேன்.

உங்கள் மாவட்டத்தில் முதலில் தனி மாநிலம் கேட்டார்கள், பிறகு சிலர் தனி நாடே கேட்டார்கள் என்று நீ சொன்னாய். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது நீயும் தண்டவாளத்தில் உட்கார்ந்து ரயிலை மறித்திருக்கிறாய். வெளியூர்க்காரனே வெளியே போ என்று தொண்டை வறளக் கத்தியிருக்கிறாய். அண்ணன் அதற்கும் மேலே ஒரு படி போனான். காட்டுக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

"எங்க ஊர்ல காலைல எய்ந்தா போறதுக்கு ரெண்டே எடம்தான்கா. டீக்கடை, இல்லாங்காட்டி காடு. அண்ணன் டீக்கடைல குந்திகினு இருந்தான். காட்லேர்ந்து ஒர்த்தன் வந்து, வா, உனக்கு ஒரு வேலை கீதுன்னான். துப்பாக்கி தூக்குறதுதான் அவனுக்கு மொதமொதல்ல கெடைச்ச வேலை."

அப்படியானால் உங்கள் கோரிக்கையே தவறா என்று நான் கேட்டேன். நீ சட்டென்று மறுத்தாய். உங்கள் பாஷையும் நிலமும் உங்களுக்கு வேண்டும், அதற்காகச் சண்டை போடத்தான் வேண்டும் என்றாய். "ஆனா சண்டைக்குப் போறவன் பசியில போவக் கூடாதுக்கா. பசியில போனா, எவன் சோறு போட்றானோ அவன் காட்ற பக்கம் போவான்." பிறகு தட்டைக் கழுவிவிட்டு முகக் கவசத்தை மாட்டிக்கொண்டாய். அதைப் பற்றி அதன் பிறகு நீண்ட நாள் நாம் பேசவில்லை.

பேச வேண்டி வந்தது அடுத்த கோடையில். கன்டெய்னர் கழுவும் பிரிவில் உள்ளூர்ப் பையன்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள், நினைவிருக்கும். கான்ட்ராக்டர் அவர்களை ஒரே நாளில் நிறுத்திவிட்டு, வடக்கிலிருந்து புதிதாக ஆள் இறக்கினார். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரே வேலைக்கு இரண்டு கூலி. உங்களுக்குக் குறைவு, அவர்களுக்குக் கூடுதல். நீங்கள் ஷெட்டிலேயே தங்குவீர்கள், லீவு கேட்க மாட்டீர்கள், தீபாவளி பொங்கலுக்கும் வருவீர்கள். உங்களுக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டு அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை கேட்டை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். காத்திவாக்கம், எண்ணூர், திருவொற்றியூர்ப் பையன்கள். முன்னால் கஜா. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அப்பாவோடு ஆற்றில் இறால் பிடித்துக்கொண்டிருந்தவன். ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெயும் சேரச் சேர, வலையில் இறாலைவிடச் சேறுதான் அதிகம் வந்தது. கழுவுகிற வேலைக்காவது போகலாம் என்று வந்தவனை அதிலிருந்தும் நிறுத்தியாயிற்று. எங்கள் மண், எங்கள் கடல், எங்கள் வேலை என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். இரண்டு நாள் கோஷத்தோடு போயிற்று. மூன்றாம் நாள், அரிசி பருப்பு வாங்கிக்கொண்டு நீங்கள் திரும்பிய வேனின் மீது கல் விழுந்தது. கண்ணாடி உடைந்து உன் புருவத்துக்கு மேலே கிழித்தது. தையல் போட்டுக் கூட்டிவந்தேன். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், கல்லு வந்துச்சு சார், ஆளத் தெரியல என்று சொல்லிவிட்டாய்.

ஷெட்டில் எல்லோரும் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள். கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, எந்த ரயில், எப்போது என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ மட்டும் என் அறையின் ஜன்னலோரம் நின்று கேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். அங்கே ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கொடி, மைக், அண்டாவில் பிரியாணி. வந்தவரை அந்த வட்டாரத்தில் யாரும் முன்பு பார்த்ததில்லை. சாம்பல் நமக்கு, சம்பாத்தியம் அவர்களுக்கா, வட சென்னையைத் தனியாகப் பிரித்துவிட்டால்தான் விடிவு, அதற்கு முன்னால் வடக்கத்தியானை ரயிலேற்ற வேண்டும் என்று அவர் மைக்கில் பேசினார். பையன்கள் கைதட்டினார்கள். அவர் சொன்னதில் பாதி உண்மை. சாம்பல் எங்களுக்குத்தான். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"வந்துட்டான்கா," என்றாய் நீ. "எங்க ஊர்லயும் இப்டித்தான். மொதல்ல சோறு வரும்."

அவர் போனதும் நீ கேட்டை நோக்கி நடந்தாய். போகாதே என்று சொல்லிக்கொண்டே நானும் பின்னால் வந்தேன். வாட்ச்மேன் சின்னக் கதவைத் திறக்க மாட்டேன் என்றார். நீ அவரிடம் என்ன சொன்னாயோ, திறந்தார். நெற்றியில் பிளாஸ்திரியோடு போய், கஜாவுக்குப் பக்கத்தில், தார் ரோட்டோரம் சப்பணம் போட்டு உட்கார்ந்தாய். இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

"இன்னா, வாங்கினது பத்தலையா?" என்றான் கஜா.

"உன் போட் இன்ஜினு ஸ்டார்ட் ஆச்சா?" என்றாய் நீ.

கஜா இதை எதிர்பார்க்கவில்லை. நானும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கருவாடு வாங்க நீ காத்திவாக்கம் போவாய் என்பது எனக்குத் தெரியும். அதற்கு முந்தின ஞாயிறு அவன் ஃபைபர் போட்டின் டீசல் இன்ஜினைக் கரையில் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்ததை நீ நின்று பார்த்திருக்கிறாய். கஜா உன்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு, நாசில் அடைத்துக்கொண்டிருந்தது, கழற்றிச் சுத்தம் செய்ததும் ஓடுகிறது என்றான். எப்படிச் சுத்தம் செய்தாய் என்று கேட்டாய். அவன் கையால் காட்டினான். பக்கத்திலிருந்த இரண்டு பேர் அது அப்படியில்லை என்று குறுக்கே வந்தார்கள். கேட்டை மறிக்க வந்தவர்கள் கொஞ்ச நேரம் டீசல் பம்பைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

அப்போது நீ என் பக்கம் திரும்பினாய். நம் யார்டில் நின்று துறைமுகம் போகும் இறால் ஏற்றுமதிக் குளிர்பெட்டிக் கன்டெய்னர்களுக்கு, டிரெய்லரில் போகும்போது மின்சாரம் தர ஒரு சின்ன டீசல் இன்ஜின் மாட்டுவோம். ஜென்செட். அது ரிப்பேரானால் தெற்கிலிருந்து மெக்கானிக் வர வேண்டும். அவர் வரும் வரைக்கும் வண்டி நிற்கும். "ஒவ்வொரு தபாவும் நாள் பூரா நிக்கிறோம்லக்கா. அது இவனுங்க இன்ஜினு மாதிரிதான். இவனுங்க பண்ணுவானுங்க."

கஜா உடனே சந்தேகப்பட்டான். "எனக்கு ஒரு வேலை குடுத்துட்டு இவங்கள வூட்டுக்கு அனுப்பப் பாக்குறியா?"

"நீ ஒர்த்தன் மட்டும் உள்ள வந்தா, நாளைக்கு இவன் உன்மேல கல்லு வுடுவான். அதுக்கு எதுக்கு?" என்றாய். பிறகு, உன் குறைந்த கூலியைப் பற்றி அவர்களுக்கு எடுத்துச் சொன்னாய். உங்கள் வேலையை நான் பிடுங்கவில்லை, என்னை மலிவாக வாங்கி உங்களை வெளியே தள்ளினார்கள். இரண்டு பேருக்கும் ஒரே கூலி என்றால் அந்தக் கான்ட்ராக்டருக்கு என்னால் என்ன லாபம் என்று கேட்டாய். அதைக் கேட்டபோதுதான் அவர்களில் சிலர் உன் முகத்தைப் பார்த்தார்கள். அதுவரை உன் பிளாஸ்திரியைப் பார்க்காமல் இருக்க வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை நான் பாரிமுனைத் தலைமை அலுவலகத்துக்குப் போய் முதலாளியைப் பார்த்தேன். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். உள்ளூர் ஆளை எடுத்தால் சாவு வீடு, கல்யாண வீடு என்று நிற்பான், சங்கம் வைப்பான் என்று அவர் நினைத்தார். வைக்கட்டும் என்றேன். யார்டுக்குள்ளே இறால் நிரம்பிய குளிர்பெட்டிகள் நிற்கின்றன, கேட் திறக்காவிட்டால் நாளை மறுநாள் நாற்றம் பாரிமுனை வரைக்கும் வரும் என்றேன். இன்று கல், நாளை அந்த வெள்ளைக் கார்க்காரர் என்ன சொல்கிறாரோ அது என்றேன். ஒரே வேலைக்கு ஒரே கூலி, ஜென்செட் பிரிவை நாமே நடத்துவது, அதற்கும் கழுவும் பிரிவுக்கும் அக்கம்பக்கத்துப் பையன்கள் என்று மூன்றும் கேட்டேன். மூன்று மாதம் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். கான்ட்ராக்டர் கோபித்துக்கொண்டு போனார். ஷெட்டில் இருந்தவர்களுக்கு நீ இந்தியில் புரியவைத்தாய். கூலி உயரப்போவது தங்களுக்கும்தான் என்று தெரிந்ததும் மூட்டையைப் பிரித்தார்கள்.

மறுநாள் அந்தத் தலைவர் மறுபடியும் அண்டாவோடு வந்தார். கூட்டத்தில் பாதிப் பேர் கேட்டுக்கு உள்ளே வரிசையில் நின்று பாதுகாப்பு ஷூவுக்குக் கால் அளவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வந்த பிரியாணியை உள்ளே இருந்தவர்களும் வெளியே இருந்தவர்களும் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். அவர் மைக்கைச் சுருட்டிக்கொண்டு போனவர்தான், திரும்ப வரவில்லை.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுதினால் நீயே சிரிப்பாய். எல்லோருக்கும் வேலை கிடைக்கவில்லை. கிடைத்தவர்களிலும் சிலர் ஷிப்ட் ஒத்துவராமல் கடலுக்கே திரும்பினார்கள். ஒரு பையன் அந்தத் தலைவரின் பின்னால் போய், வேறெங்கோ ஒரு லாரியைக் கொளுத்திய வழக்கில் இன்னமும் கோர்ட்டுக்கு அலைகிறான். ஆறும் சுத்தமாகிவிடவில்லை. கஜா இப்போதும் ஆற்றுக்காக நடக்கும் கூட்டங்களுக்கு அட்டை பிடித்துக்கொண்டு போகிறான், கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிறான், கேள்வி கேட்கிறான். முன்னைவிட அழுத்தமாகத்தான் கேட்கிறான். ஒரு வேலை ஒருவனின் வாயை அடைத்துவிடும் என்று முதலாளி நினைத்தார். அப்படி ஆகவில்லை. கல் எறிகிற அவசரம்தான் போயிருந்தது.

அந்தக் கல்லைப் பற்றி எனக்குக் கஜா பின்னால் சொன்னான். ஒரு ஞாயிறு, அவன் வீட்டில் நீ சாப்பிட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தபோது, எறிந்தது நான்தான் என்று அவன் உன்னிடம் சொல்லியிருக்கிறான். "தெரியும். அந்தக் கும்பல்ல லெஃப்ட் கைக்காரன் நீ ஒர்த்தன்தான்" என்றாயாம். பிறகு வறுத்த குன்னியை மிளகாயோடு இடித்துச் சாப்பிடும் உங்கள் ஊர்ப் பக்குவத்தை அவன் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க எழுந்து போய்விட்டாய். நீங்கள் தோஸ்துகளானது அன்றிலிருந்துதான் என்று அவன் சொல்வான்.

உங்கள் ஊரில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, காட்டிலிருந்தவர்கள் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பிய செய்தியை நீதான் வந்து சொன்னாய். சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். "அவனுங்க இப்போ மறுபடியும் டீக்கடைல குந்திகினு கீறானுங்கக்கா" என்றாய். அந்த மாதமே கணக்கை முடித்துக்கொண்டாய். சூப்பர்வைசர் ஆக்குகிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டாய், சிரித்தாய், கிளம்பினாய். டீசல் பம்புசெட், டிராக்டர், படகு இன்ஜின் எல்லாம் பழுதுபார்க்க உன் ஊர்ச் சந்தைத் தெருவில் ஒரு பட்டறை. காட்டிலிருந்து வந்த இரண்டு பேரை முதல் ஆட்களாகச் சேர்த்தாய். ஊரில் அவர்களைக் கண்டு பயந்தார்கள். பட்டறைக்கு வேலை வரவில்லை. அப்போதுதான் கஜா ஒரு மாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டு உன் ஊருக்கு ரயிலேறினான். வடக்கத்தியானை ரயிலேற்று என்று கத்தியவன், தானே ஏறிப் போனான்.

அங்கே நடந்ததை அவன் சொல்லச் சொல்ல எனக்கு அலுப்பதில்லை. ஆற்றங்கரையில் பழுதாகி நின்ற படகுகளை நீங்கள் நால்வரும் தேடித் தேடிப் போய்ச் சரிசெய்தீர்களாம். இயக்கத்து ஆள் தொட்ட இன்ஜின் எங்களுக்கு வேண்டாம் என்ற ஒரு படகுக்காரர், வெள்ளம் ஏறியபோது வேறு வழியில்லாமல் கூப்பிட்டிருக்கிறார். அந்தப் படகு ஓடிய பிறகு மற்றவர்கள் வந்திருக்கிறார்கள். இந்தக் கறுத்த ஆள் யார் என்று சந்தையில் யாராவது கேட்டால், என் ஊர்க்காரன் என்று நீ சொல்வாயாம். எந்த ஊர் என்று அவர்கள் கேட்டதேயில்லையாம்.

போன மழைக்காலத்தில், ஊர் திரும்பியபின் நீ கட்டிக்கொண்ட மனைவி போன் செய்தாள். அழுகையோடு வந்த வார்த்தைகளில் காய்ச்சல் என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. உங்கள் பாஷை கொஞ்சம் பழகிய கஜாவைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தேன். அவன் கேட்டுக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டான். மூளைக்காய்ச்சல், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் நினைவு தப்பிவிட்டது, பிறகு நீ கண் திறக்கவேயில்லை என்று மெதுவாகச் சொன்னான். அன்றும் ஜென்செட் பிரிவில் வேலையை நிறுத்தவில்லை. வண்டிகள் வந்தன, அனுப்பினோம். ஞாயிறன்று ராயபுரம் சர்ச்சில் உன் பெயரைச் சொல்லிப் பூசை வைத்தேன். உன் சாமி வேறு என்று தெரியும். எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

இன்னும் கொஞ்ச காலத்தில் நான் ஓய்வு பெறுவேன். எங்காவது ரயில் மறியல், பந்த், பிரிவினைக் கோஷம் என்று செய்தி வரும்போது வீட்டில் எல்லோரும் யார் சரி, யார் தப்பு என்று பேசுகிறார்கள். என் கண் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் ஏதாவது ஒரு பையனிடம் போய் நின்றுவிடுகிறது. இவன் நாளைக் காலை எழுந்து எங்கே போவான், இவனுக்கு யார் சோறு போடுகிறார்கள் என்றுதான் யோசிக்கிறேன். அவன் கேட்பது நியாயமாகவும் இருக்கலாம். இருந்தாலும் அந்தக் கேள்வி முதலில் வந்துவிடுகிறது. இது நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது.

பட்டறை நடக்கிறது. உன் மனைவி முன்னால் உட்கார்ந்து வரவு செலவு பார்க்கிறாள். உங்கள் ஊர் மீன் சந்தையில் ஒரு குளிர்பதனக் கிடங்கு வருகிறதாம். அந்த வேலை தெரிந்தவர் அங்கே யாருமில்லை. உன் முதல் இரண்டு ஆட்களில் மூத்தவனை இங்கே அனுப்புகிறாள், குளிர்பெட்டி மெக்கானிசம் பழக. கஜா வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. போன வாரம் அவனே என்னிடம் பேசினான். எனக்குத் தெரிந்த யார்டு இந்தியில் வழியெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். அங்கே எங்களை அடிப்பார்களா என்று.

போனைக் கையால் பொத்திக்கொண்டு, அவன் கேட்டதைக் கஜாவிடம் தமிழில் சொன்னேன். கஜா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"ஸ்டேஷனுக்கு நான் வர்றேன்னு சொல்லுக்கா," என்றான்.

சொன்னேன்.